ரிஞ்சானி எரிமலையில் கணவர் வேகத்துக்கு என்னால் ஏற முடியுமா?

கேள்வி: எனக்கு 33 வயது, கணவருக்கு 36. சென்னையில் இருக்கிறோம். வரும் ஆகஸ்டில் பத்து நாள் பயணமாக இந்தோனேசியா போகிறோம். பாலி பார்த்துவிட்டு, பக்கத்துத் தீவான லொம்போக்கில் ரிஞ்சானி எரிமலையின் உச்சிக்கு ஏற வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. அவர் அரை மாரத்தான் ஓடுபவர். நான் தினமும் நடப்பேன், அவ்வளவுதான். ஒருமுறை பர்வதமலை ஏறினோம். ஏறும்போது தெரியவில்லை, இறங்கும்போது இடது முழங்கால் வலித்து அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். "போனா ரெண்டு பேரும் உச்சிக்குப் போவோம், இல்லேன்னா யாரும் போக வேண்டாம்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் என்னால் அவர் ஆசை கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு நாள், ஒரு இரவு பேக்கேஜ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். என்னால் முடியுமா? உயரத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? அந்தத் தேதியில் மாதவிலக்கு வரவும் வாய்ப்பிருக்கிறது. என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புத் தோழிக்கு,

முடியும். ஆனால் அந்த இரண்டு நாள் பேக்கேஜ் வேண்டாம். "ரெண்டு பேரும், இல்லேன்னா யாரும் வேண்டாம்" என்ற நிபந்தனையும் வேண்டாம். இந்த இரண்டையும் மாற்றிவிட்டால், உங்கள் முழங்கால் சமாளிக்கக்கூடிய விஷயம்தான். மலையேற்றக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றிக் கீழே சொல்வதை உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மலையைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிஞ்சானி 3,726 மீட்டர். இந்தோனேசிய எரிமலைகளில் சுமத்ராவின் கெரின்சிக்கு அடுத்த உயரம். உச்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செம்பாலுன் என்ற ஊரிலிருந்து கிளம்புவார்கள். அந்த ஊர் சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் முழுக்க நடந்து, மாலையில் எரிமலை வாயான பெரும் பள்ளத்தின் விளிம்பில் கூடாரம். அந்த விளிம்பின் உயரம் 2,639 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். அதாவது நீங்கள் ராத்திரி படுக்கும் இடமே தொட்டபெட்டா உயரம். அங்கே சில மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, இருட்டில் இரண்டு மணிக்கு எழுந்து இன்னும் 1,087 மீட்டர் ஏற வேண்டும். பர்வதமலையை வைத்து இதை அளக்காதீர்கள். அங்கே ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. இங்கே அதைவிடப் பெரிய ஏற்றத்தை முதல் நாளே முடித்துவிட்டு, அந்த அலுப்போடுதான் உண்மையான ஏற்றத்தைத் தொடங்குகிறீர்கள்.

முதல் நாள் பாதையில் காலை முழுவதும் புல்வெளி. நிழல் கிடையாது, ஆகஸ்ட் வெயில் நேராகத் தலையில் இறங்கும். மூன்றாவது ஓய்விடம் தாண்டியதும் செங்குத்தான மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளூர்க்காரர்கள் அவற்றுக்கு 'வருத்தப்பட வைக்கும் ஏழு குன்றுகள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். உங்கள் கூடாரம், அரிசி, தண்ணீர், அடுப்பு எல்லாவற்றையும் மூங்கில் கம்பின் இரு முனையிலும் கட்டிக் காவடி போலத் தோளில் வைத்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு சுமைக்காரர்கள் உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டாதீர்கள். உங்களுக்கு அன்று ஒரே வேலை, களைத்துப் போகாமல் மேலே போய்ச் சேர்வது.

இரண்டாம் நாள் அதிகாலை ஏற்றத்தில் மூன்று பகுதி உண்டு. தொடக்கத்தில் புழுதியும் வேர்களும் நிறைந்த செங்குத்துச் சரிவு. அதைத் தாண்டினால் மலையின் முதுகு போல நீளமான ஒரு பாதை. ஏற்றம் கொஞ்சம் குறையும், ஆனால் காற்று வெட்டவெளியில் அடிக்கும். கடைசிப் பகுதிதான் ரிஞ்சானியின் பெயரைக் கெடுத்தது. எரிமலைச் சரளையும் சாம்பல் மணலும் கலந்த சரிவு. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே வழுக்கும். உச்சி கண்ணுக்குத் தெரியும், ஆனால் கிட்டே வராது. வெப்பநிலை சுழியத்துக்குப் பக்கத்தில் போகும், காற்றோடு சேர்ந்தால் இன்னும் கடுமை. நன்றாக ஏறுகிறவர்களே மனம் உடைந்து திரும்பும் இடம் இது. வயதுக்கும் மாரத்தானுக்கும் அங்கே பெரிய மரியாதை இல்லை.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். எனக்குக் கடிதத்தில் அதிகம் கவலை தந்தது அந்த வரிதான்.

தம்பதிகளாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: மெதுவாக நடப்பவர் தன் உடம்பை மறைக்கிறார். தலைவலி வந்தால் சொல்வதில்லை, கால் நடுங்கினால் சொல்வதில்லை. "நான் சொன்னா அவரும் இறங்கிடுவார், அவ்வளவு தூரம் வந்தது வீணாப் போயிடும்" என்ற எண்ணம். நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே அதை எழுதிவிட்டீர்கள். "என்னால் அவர் ஆசை கெட்டுவிடுமோ." இந்தப் பயத்தோடு மலைக்குப் போனால், 3,300 மீட்டரில் தலை சுற்றும்போது நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள். வேகமாக நடப்பவருக்கும் இதில் ஒரு ஆபத்து உண்டு. மனைவிக்காக அவர் பத்து அடிக்கு ஒருமுறை நின்று காத்திருப்பார். உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும், அந்தக் காற்றில் சும்மா நின்றால் பத்தே நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். அப்புறம் பொறுக்க முடியாமல், "நீ மெதுவா வா, நான் முன்னாடி போறேன்" என்பார். இருட்டில், சரளைச் சரிவில், ஒருவர் தனியாக விடப்படுவது இப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2025 ஜூனில் பிரேசில் நாட்டு இளம்பெண் ஒருவர் ரிஞ்சானியின் உச்சிக்குப் போகும் வழியில், குழுவுக்குப் பின்னால் இருந்த நேரத்தில், சரிவில் விழுந்துவிட்டார். பனிமூட்டமும் மணல் நிறைந்த சரிவும் சேர்ந்து, மீட்புக் குழு அவரைச் சென்றடையவே நாட்கள் ஆயின. அதற்குள் அவர் இறந்துவிட்டார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட செய்தி. அந்தப் பாதையில் பின்தங்குவது குற்றமே இல்லை. பின்தங்கியவர் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும், அதுதான் முக்கியம்.

ஆகவே ஒப்பந்தத்தை இப்படி மாற்றுங்கள். விளிம்பு வரை இருவரும் சேர்ந்து. அதற்கு மேல், யாருக்கு முடியவில்லையோ அவர் இறங்கலாம். மற்றவர் விரும்பினால் தொடரலாம். இறங்குகிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, தொடர்கிறவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இறங்கப் போவது நீங்கள்தான் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள், அது அவராகவும் இருக்கலாம். இதை மேலே போய்ப் பேச முடியாது. குளிரிலும் தூக்கக் கலக்கத்திலும் யாரும் நியாயமாகப் பேசுவதில்லை. டிக்கெட் போடும் முன்பே, வீட்டில், நிதானமாகப் பேசி முடித்துவிடுங்கள்.

ஆனால் இந்த ஒப்பந்தம் வாய்வார்த்தையாக மட்டும் இருந்தால் செல்லாது. ஒரே வழிகாட்டி இருந்தால், அவர் யாரோடு இருப்பார்? மேலே போகிறவரோடா, கீழே இறங்குகிறவரோடா? எனவே உங்கள் இருவருக்கும் சேர்த்து இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். கூடுதல் செலவுதான். இந்தப் பயணத்தில் வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். பாலியில் ஒரு நாள் விடுதி வாடகையைக் குறைத்து இதைக் கட்டலாம். இரண்டாவது வழிகாட்டி இருக்கிறார் என்று தெரிந்தாலே, "நான் இறங்குறேங்க" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து சுலபமாக வரும். அதற்காகத்தான் அந்தப் பணம்.

நடக்கும் வரிசையும் முக்கியம். முன்னால் வழிகாட்டி, அவருக்கு நேர் பின்னால் நீங்கள், உங்களுக்குப் பின்னால் கணவர், கடைசியில் இரண்டாவது வழிகாட்டி. மெதுவானவர் முன்னால் இருந்தால் வேகத்தை அவர் தீர்மானிப்பார், யாரும் நின்று காத்திருக்க வேண்டியிராது. உங்கள் கணவருக்கு முதல் ஒரு மணி நேரம் இது எரிச்சலாக இருக்கும். அதற்குப் பிறகு, மெதுவாகப் போனதற்காக அவரே சந்தோஷப்படுவார்.

இன்னொன்று. "ஓகேவா?" என்று ஒருவரை ஒருவர் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் "ஓகே" என்றுதான் பதில் வரும். அவர் உங்களிடம், "தலை வலிக்குதா? கடைசியா எப்போ தண்ணி குடிச்சே? விரல் மரத்துப் போச்சா?" என்று கேட்கட்டும். நீங்களும் அவரிடம் அதையே கேளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை. நேர்க்கோட்டில் நாலு அடி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால், விவாதமே இல்லை, உடனே கீழே. திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சூரியன் ஆறே கால் மணிவாக்கில் உதிக்கும். காலை ஏழு மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிடுங்கள் என்பது என் கருத்து. சூரியோதயத்தை உச்சியில்தான் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலர் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். மலை முதுகில் நின்று பார்த்தாலும் அதே சூரியன்தான். கிழக்கே சும்பாவா தீவும் மேற்கே பாலியின் ஆகுங் மலையும் வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே தெரியும்.

விளிம்போடு நின்றுவிட்டால் பயணம் அரைகுறை என்று நினைக்காதீர்கள். விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் செகாரா அனாக் ஏரி, அதன் நடுவே பாருஜாரி என்ற சின்ன எரிமலைக் கூம்பு. அந்தப் பள்ளம் முழுவதும் ஒரு காலத்தில் சமலாஸ் என்ற பெரிய மலையாக இருந்தது. 1257-இல் அது வெடித்தது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்த மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனிக்கட்டிப் படிவங்களுக்குள் அதன் கந்தகத் தடயம் இருந்தது. எந்த மலை வெடித்தது என்பது மட்டும் வெகுகாலம் புதிராக இருந்தது. 2013-இல்தான் ஆய்வாளர்கள் அது இந்த மலை என்று காட்டினார்கள். லொம்போக்கின் பழைய ஓலைச்சுவடிகளில் பமாத்தான் என்ற நகரம் அழிந்த கதை இருக்கிறது. அதுவும் அந்த ஆய்வுக்குத் துணையாக நின்றது. லொம்போக்கின் சாசாக் மக்களுக்கு இது புனிதமான மலை. பாலி இந்துக்களும் இந்த ஏரிக்கு வந்து காணிக்கை இட்டு வழிபடுகிறார்கள். விளிம்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு காலைப் பொழுது, என்னைக் கேட்டால், உச்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

உயரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 3,726 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் போனாலே சிலருக்கு உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், காரணமில்லாத சோர்வு. சென்னையிலிருந்து, அதாவது கடல் மட்டத்திலிருந்து வருகிறீர்கள். உடம்பு பழகுவதற்கு நேரமே இல்லை. ரிஞ்சானியில் உச்சியில் தங்குவதில்லை, சீக்கிரம் இறங்கிவிடுகிறோம் என்பதால் பெரும்பாலும் லேசாகவே வந்துபோகும். ஆனாலும் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். ஓட்டப் பயிற்சி உயர நோயைத் தடுக்காது. கட்டுமஸ்தான ஆட்களுக்குத்தான் வேகமாக ஏறிவிட்டு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், எனவே இந்தப் பத்தியை உங்கள் கணவரும் படிக்கட்டும். இரண்டாவது, விளிம்பில் இரவு தலைவலியோடு குமட்டலும் இருந்தால், மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பக் கூடாது. படுத்திருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, விடியும்வரை காத்திராமல் கீழே இறங்க வேண்டும்.

உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. கடைகளில் டயமாக்ஸ் என்றால் தெரியும். எல்லோருக்கும் தேவைப்படாது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரையை மலையில் போடாமல் சென்னையிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அது தெரியாமல் மேலே போனால் பயந்துவிடுவீர்கள். தூக்க மாத்திரையும் பியரும் விளிம்பில் வேண்டவே வேண்டாம்.

இனி முழங்கால். அந்த இரண்டு நாள் பேக்கேஜை நான் ஏன் மறுத்தேன் என்றால், அதில் இரண்டாம் நாள் என்ன நடக்கிறது பாருங்கள். அதிகாலை 1,087 மீட்டர் ஏற்றம். பிறகு உச்சியிலிருந்து செம்பாலுன் வரை ஒரே நாளில் 2,500 மீட்டருக்கு மேல் இறக்கம். தூக்கமில்லாத உடம்போடு. ஆரோக்கியமான முழங்காலே அழும். பர்வதமலையில் வலித்த முழங்கால் நிச்சயம் தாங்காது. மூன்று நாள், இரண்டு இரவாக எடுங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை: பல மூன்று நாள் திட்டங்களில், உச்சிக்குப் போய் வந்த அன்றே ஏரிக்கு 600 மீட்டர் இறக்கி, மறுபக்கம் அதே அளவு ஏற்றி, செனாரு என்ற ஊரின் பக்கமுள்ள விளிம்புக்குக் கொண்டுபோவார்கள். அது இரண்டு நாள் திட்டத்தைவிடக் கொடுமை. இரண்டாவது இரவும் செம்பாலுன் விளிம்பிலேயே தங்குவது போலக் கேட்டு வாங்குங்கள். காலை உச்சி, மதியம் தூக்கம், மாலை சும்மா ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பது, மறுநாள் காலை புதிய கால்களோடு இறக்கம். ஏரிக்கரை வெந்நீர் ஊற்றுகளில் குளிக்க முடியாமல் போகும். பரவாயில்லை.

முழங்கால் வலி ஏறும்போது வராமல் இறங்கும்போது மட்டும் வருகிறது என்றால், பெரும்பாலும் தொடையின் முன்தசை இறக்கத்துக்குப் பழகவில்லை என்று பொருள். ஆனாலும் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, மூட்டுக்குள் வேறு பிரச்சினை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் குறைந்தது பத்து, பன்னிரண்டு வாரப் பயிற்சி. சமதளத்தில் நடப்பது போதாது. படி வேண்டும், முக்கியமாக இறங்கும் படி. வீட்டில் ஒரு தாழ்வான படியில் நின்று, ஒரு காலை மெதுவாகத் தரையைத் தொடும்படி இறக்கி ஏற்றுங்கள், தினமும். அடுக்குமாடி இருந்தால் லிஃப்டை மறந்துவிடுங்கள். வார இறுதியில் சோளிங்கர் போகலாம். பெரிய மலையில் 1,305 படி. இப்போது ரோப்கார் வந்துவிட்டது, ஆனால் நீங்கள் நடந்தே ஏறி நடந்தே இறங்குங்கள். பையில் ஐந்து கிலோ தண்ணீரை வைத்துக்கொண்டு. பயணத்துக்கு முந்தைய மாதத்தில், சனியும் ஞாயிறும் தொடர்ந்து இரண்டு நாள் செய்து பாருங்கள். இரண்டாம் நாள் முழங்கால் என்ன சொல்கிறது என்பதுதான் உண்மையான விடை. அன்றும் நன்றாக இருந்தால் தாராளமாகப் போகலாம். வீங்கினால் விளிம்பு வரை மட்டும் என்று முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டு ஊன்றுகோல்கள் கட்டாயம். இறக்கத்தில் முழங்காலின் பாரத்தை அவை கணிசமாகக் குறைக்கும். சரளைச் சரிவில் ஏறும்போது முன்னால் போனவரின் கால் பதிந்த குழியிலேயே உங்கள் முன்பாதத்தைக் குத்தி வையுங்கள், அடி சின்னதாக இருக்கட்டும். இறங்கும்போது குதிகாலைப் புதைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சரளையோடு சேர்ந்து வழுக்கிப் போகலாம். ஆச்சரியமாக இருக்கும், அந்தச் சரளை இறக்கத்தில் முழங்காலுக்கு மெத்தென்று இருக்கும். விளிம்புக்குக் கீழே உள்ள இறுகிய புழுதிப் பாதைதான் வழுக்கும், வலிக்கும். ஷூவுக்குள் கல் புகாமல் இருக்கக் கணுக்கால் உறை, மூக்கை மூட ஒரு துணி, ஆளுக்கு ஒரு நெற்றி விளக்கு, மாற்று பேட்டரி, கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட். அப்புறம் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பாடு இறங்காது, இவைதான் இறங்கும்.

பயணத் திட்டத்தின் வரிசையிலும் ஒரு வார்த்தை. பாலியில் பாத்தூர் என்ற எரிமலை இருக்கிறது, 1,717 மீட்டர், விடியலில் இரண்டு மணி நேர ஏற்றம். ரிஞ்சானிக்கு மூன்று, நான்கு நாள் முன்பு இருவரும் அதில் ஏறுங்கள். இருட்டில் நடப்பது, நான் சொன்ன வரிசை, அந்தக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் அது ஒத்திகை. அங்கேயே இருவருக்கும் சண்டை வந்தால் நல்லது, சின்ன மலையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். லொம்போக் பக்கத்தில் உள்ள கிலி தீவுகளில் ஸ்கூபா டைவிங் பிரபலம். மூழ்கி எழுந்த உடனே உயரத்துக்குப் போனால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும் ஆபத்து உண்டு. விமானத்துக்குச் சொல்லும் அதே விதி மலைக்கும் பொருந்தும், ஒரு முழு நாளாவது இடைவெளி வேண்டும். மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்குப் போவது எல்லா வகையிலும் சுகம். ஏறும் நாளுக்கு முந்தைய இரவு செம்பாலுனிலேயே தங்குங்கள். படகில் வந்து இறங்கி அப்படியே மலையேறுவது வேண்டாம்.

இது உயிருள்ள எரிமலை. பாருஜாரி 2015-இலும் 2016-இலும் வெடித்திருக்கிறது. இந்தோனேசிய எரிமலை ஆய்வுத் துறை ஒவ்வொரு மலைக்கும் நான்கு நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது; முதல் நிலை சாதாரணம், நான்காவது உச்ச ஆபத்து. கிளம்பும் வாரத்திலும், ஏறும் முந்தைய நாளிலும் பாருங்கள். இரண்டாம் நிலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராப்பி வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோது அந்த மலை இரண்டாம் நிலையில்தான் இருந்தது. 2018 ஜூலை நிலநடுக்கத்தில் ரிஞ்சானியில் நூற்றுக்கணக்கானோர் மேலேயே சிக்கிக்கொண்டார்கள். இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்கு இல்லை. பூங்கா நிர்வாகம் பாதையை மூடினால், கணவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும், குறுக்கு வழியில் அழைத்துப் போகிறேன் என்று எவர் சொன்னாலும் போகக் கூடாது. பயணக் காப்பீட்டில் 4,000 மீட்டர் வரை மலையேற்றமும் மீட்புச் செலவும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் இது இருக்காது.

மாதவிலக்கு பற்றித் தயக்கத்தோடு கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், தயங்க ஒன்றுமில்லை. அந்த நாட்களில் மலையேறக் கூடாது என்று மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. முதல் இரண்டு நாள் உங்களுக்கு அதிக வலியும் போக்கும் இருக்கும் என்றால், தேதியை நாலு நாள் தள்ளிப் போடுவது நல்லது. தள்ளிப்போடும் மாத்திரையை மகப்பேறு மருத்துவரைப் பார்க்காமல் கடையில் வாங்காதீர்கள். விளிம்பில் கழிவறைக் கூடாரம் போடுவார்கள். ஆனால் உச்சிக்குப் போகும் பாதை வெட்டவெளி, மறைவு கிடையாது. கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைப் போட்டுவர ஜிப் பைகள் எடுத்துப் போங்கள், மலையில் விட்டு வர வேண்டாம். பாலிக் கோயில்களில் மாதவிலக்கு நாட்களில் உள்ளே வர வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள், அதையும் கணக்கில் வைத்துக் கோயில் நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்துக்கு உங்கள் கணவர் இப்படி எழுதட்டும்: எங்கள் இருவருக்கு மட்டும் இரண்டு வழிகாட்டிகள் தருவீர்களா? இருவரும் பூங்காவில் பதிவு செய்தவர்களா? ஒருவர் நடுவில் இறங்கினால் கூட வரும் ஆள் யார்? இரண்டாம் இரவு செம்பாலுன் விளிம்பிலேயே தங்க முடியுமா? சுமைக்காரருக்குத் தூங்கக் கூடாரமும் படுக்கையும் உண்டா? கடைசிக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற நிறுவனம் மற்றவற்றிலும் ஒழுங்காக இருக்கும். "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். ஆகஸ்ட் கூட்டமான மாதம், இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.